வலிக்கு வயசு இருக்கா? ஜான் ஸ்னோவின் இன்னொரு முகம்

டேட்டா பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஜான் ஸ்னோவைத் தெரிந்திருக்கும். 1854இல் லண்டனில் காலரா பரவியதற்கு பிராட் ஸ்ட்ரீட் அடிபம்புத் தண்ணீர்தான் காரணம்னு சொல்லி, மேப் போட்டுக் காட்டியவர். ஆனா அவருக்குச் சோறு போட்ட வேலை அது இல்லை. மயக்க மருந்து கொடுப்பதுதான்.

யார் இவர்?

1813இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் ஒரு மருத்துவரிடம் தொழில் கற்கப் போனார். 1846 கடைசியில் ஈதர் லண்டனுக்கு வந்தது, அடுத்த வருஷமே குளோரோஃபார்ம். துணியில் ஊற்றி மூக்கில் வைப்பதுதான் அப்போது பலரின் வழக்கம். 1848இல் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயது ஹன்னா கிரீனர் இறந்துபோனார். ஸ்னோ, காற்றில் எத்தனை சதவீதம் மருந்து கலக்கலாம்னு கணக்குப் போட்டார். அதற்கேற்ற கருவிகளையும் செய்தார். 1853இல் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் இவரே.

வயசு எங்கே வருது?

ஒவ்வொரு கேஸையும் நோட்டில் எழுதி வைத்தார். அதில் ஒரு வயசு நிரம்பாத குழந்தைகள் மட்டுமே நூற்றுக்கும் மேல். குழந்தைகளுக்கு மூச்சும் ரத்த ஓட்டமும் வேகம் என்பதால், மயக்கம் சீக்கிரம் வந்து சீக்கிரம் தெளியும்னு கவனித்தார். வயசானவர்களுக்கும் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை வயசு, அளவைக் கணக்கிட உதவும் ஒரு தகவல். மருந்தை மறுக்கக் காரணம் இல்லை. 1858இல், 45 வயதில் பக்கவாதத்தால் இறந்தார். குளோரோஃபார்ம் பற்றிய அவருடைய புத்தகம் அதன் பிறகுதான் வெளிவந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்தப் பாடம் நிலைக்கவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980கள் வரை பல இடங்களில் போதிய மயக்க மருந்து இல்லாமலே ஆபரேஷன் நடந்தது. 1987இல் வந்த ஆய்வுகள்தான் அதை மாற்றின.

முதியவர்கள் விஷயம் இன்னும் முடியவில்லை. அமெரிக்க எமர்ஜென்சி வார்டுகள் பற்றி 2012இல் வெளியான ஆய்வில், வலியோடு வந்த 35–54 வயதினரில் 68% பேருக்கு வலி மருந்து கிடைத்தது. 75 வயதைத் தாண்டியவர்களில் 49% பேருக்குத்தான். கிட்னி பாதிக்குமோ, மயக்கம் வந்து விழுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து பார்க்கலாம்.

தாத்தாவையோ பாட்டியையோ எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனால், வலி எவ்வளவுன்னு அவரிடமே கேட்கச் சொல்லுங்க. மருந்து கொடுத்த பிறகு, குறைஞ்சதான்னு மறுபடி கேட்கச் சொல்லுங்க.