பழி சுமத்த மறுத்த விக்கெட் கீப்பர்

கிரிக்கெட்டில் ஏறத்தாழ எல்லா எண்ணிக்கைகளிலும் இன்றைய விக்கெட் கீப்பர்கள் தம் முன்னோரைக் கடந்துவிட்டனர். ஒன்று மட்டும் அசையாமல் நிற்கிறது. டெஸ்ட் போட்டிகளில் அதிக ஸ்டம்பிங் செய்தவர் என்ற பெருமை, 1937-இல் தமது கடைசி டெஸ்டை ஆடிய ஆஸ்திரேலியரான பெர்ட் ஓல்ட்ஃபீல்டிடமே இன்னும் இருக்கிறது. 54 போட்டிகளில் 130 பேரை அவர் ஆட்டமிழக்கச் செய்தார். அவற்றுள் ஸ்டம்பிங் 52. நம் தோனி 90 போட்டிகளில் செய்தவை 38; இயான் ஹீலி 119 போட்டிகளில் செய்தவை 29.

இதற்குத் தனிமனிதத் திறமை மட்டுமே காரணமன்று. மெய்லி, கிரிம்மெட், ஓ'ரெய்லி எனத் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர்களை அடுத்தடுத்துப் பெற்றிருந்த அணி அது. மழைக்கும் வெயிலுக்கும் மூடி வைக்கப்படாத ஆடுகளங்களின் காலமும்கூட. வாய்ப்புகள் மிகுந்திருந்தன என்பது உண்மை. ஆனால், அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 1925-இல் மெல்போர்னில் ஒரே இன்னிங்ஸில் நால்வரை அவர் ஸ்டம்பிங் செய்தார். அவர்களுள் ஒருவர் ஜாக் ஹாப்ஸ். மூன்று குச்சிகளையும் சிதறடிக்கும் ஆர்ப்பாட்டம் ஓல்ட்ஃபீல்டிடம் இல்லை. பெயில்ஸை மட்டும் மெல்லத் தட்டிவிட்டு, தாழ்ந்த குரலில் நடுவரிடம் முறையிடுவார்.

இந்த மனிதர் ஆட வந்ததே ஒரு தற்செயல். சிட்னியில் 1894-இல் பிறந்த அவர், முதல் உலகப் போரில் காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் மருத்துவப் படைப்பிரிவில் பணியாற்றினார். 1917-இல் பெல்ஜியத்தின் பாலிகன் வுட் போர்க்களத்தில் குண்டு வீச்சில் உடனிருந்தோர் மடிய, மண்ணுக்குள் பாதி புதைந்த நிலையில் உயிருடன் மீட்கப்பட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்து மீளப் பல மாதங்களாயின. போர் முடிந்தபின் ஆஸ்திரேலியப் படைவீரர்களின் அணி 1919-இல் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தது. அதன் விக்கெட் கீப்பர் காயமடையவே, ஓல்ட்ஃபீல்டுக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட்டை ஆடினார்.

ஆயினும் அவர் பெயர் பொது நினைவில் தங்கியது, கையுறை அணிந்து அவர் செய்த எதனாலும் அன்று. மட்டையுடன் நின்ற ஒரு நொடியால்.

1933 ஜனவரி, அடிலெய்டு. டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி, லெக் பக்கம் நெருக்கமாக ஆட்களை நிறுத்தி மட்டையாளரின் உடலைக் குறிவைத்து விரைவுப் பந்துகளை வீசும் முறையைக் கையாண்டு வந்தது. பாடிலைன் என்று அதற்குப் பெயர். சனிக்கிழமையன்று ஆஸ்திரேலியத் தலைவர் உட்ஃபுல் மார்பில் அடிபட்டார். பார்வையாளர் கொதித்துப் போயிருந்தனர். திங்களன்று ஹரோல்ட் லார்வுட்டின் பந்தை ஹூக் செய்ய முயன்ற ஓல்ட்ஃபீல்டின் மட்டை விளிம்பில் பட்டு, பந்து அவரது தலையைத் தாக்கியது. மண்டையோட்டில் முறிவு. 41 ஓட்டங்களுடன் வெளியேறிய அவர் இரண்டாம் இன்னிங்ஸில் ஆடவில்லை. அடுத்த டெஸ்டிலும் இல்லை. 1927-ஆம் ஆண்டின் விஸ்டன் ஆண்டு மலர் சிறந்த ஆட்டக்காரர்களாகத் தேர்ந்த ஐவரில் லார்வுட், ஓல்ட்ஃபீல்டு, உட்ஃபுல் மூவரும் இருந்தனர் என்பது வரலாற்றின் விந்தை.

ஒரு தேசமே சினத்தில் இருந்த நேரம் அது. இரண்டு நாள்களில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம், எதிரணியின் ஆட்டமுறை விளையாட்டுப் பண்புக்கு மாறானது என்று இங்கிலாந்துக்குத் தந்தி அனுப்பியது. குற்றச்சாட்டுக்கு உயிருள்ள சாட்சியாக ஓல்ட்ஃபீல்டு கிடைத்திருந்தார். அவரோ, தவறு தம்முடையது, லார்வுட்டினுடையது அன்று என்று கூறிவிட்டார். அந்தப் பந்து வீசப்பட்டபோது பாடிலைன் களவியூகம் அமைக்கப்பட்டிருக்கவில்லை. பந்தின் போக்கை அவர் சரியாகக் கணிக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று பலரும் எழுதுவர். எனக்கோ அது துல்லியமாகவே படுகிறது. ஜார்டினின் முறை தவறானது என்பதற்கு வேறு சான்றுகள் போதுமானவை. பொய்யான ஒன்றைக் கூட்டிச் சேர்க்க அவர் உடன்படவில்லை.

அந்தத் தொடரின் ஐந்தாவது டெஸ்டிலேயே மீண்டும் களமிறங்கிய அவர், மேலும் நான்கு ஆண்டுகள் ஆடினார். லார்வுட் அத்தொடருக்குப் பின் இங்கிலாந்துக்காக ஆடவேயில்லை. 1950-இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவில் குடியேறி, சிட்னியில் வாழத் தொடங்கினார். அதே நகரில்தான் ஓல்ட்ஃபீல்டு விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடை நடத்தினார். 1976 ஆகஸ்ட் 10 அன்று, 81-ஆம் வயதில் காலமானதும் அங்கேதான்.