அறவழி வருவாய்

ஒசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ் பெற்ற அவர், காந்தியடிகளின் அறப்போரில் ஈடுபட்டு அத்தொழிலைத் துறந்தார். திருச்செங்கோட்டை அடுத்து ஆசிரமம் நிறுவி, மதுவால் சீர்குலைந்த ஏழைக் குடும்பங்களின் மீட்சிக்கு உழைத்தார்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. அதன்படி 1937இல் இராஜாஜி சென்னை மாகாண ஆட்சித் தலைவரானார். அவ்வாண்டே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். கள்ளும் சாராயமும் அரசுக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தவை. அவ்வருவாய் ஒழியின், கல்விக்கும் மருத்துவத்துக்கும் பொருள் எங்ஙனம் கிட்டும்? வருமான வரியும் சுங்கமும் நடுவணரசின் கையில் இருந்தன. நிலவரியை உயர்த்தினாலோ உழவர் நலிவர்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். இந்தியாவில் இத்தகைய வரி அதுவே முதலாவது. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்கும் சிறு வணிகர்க்கு விலக்களித்தார். ஆயினும் வணிகர் எதிர்த்தனர். சுமை இறுதியில் வாங்குவோர் தலையிலேயே விழும் எனப் பலர் குறை கூறினர். அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும், ஏழையின் குடியைக் கெடுத்துப் பெறும் பொருளினும், பலரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளிக்கும் பொருளே மேலென அவர் துணிந்தார்.

அவ்வாண்டு அக்டோபரிலேயே அவர் பதவி துறந்தார், வரியோ நிலைத்தது. பிற மாகாணங்களும் அந்நெறியைப் பின்பற்றின. 1972இல் இராஜாஜி மறைந்தார். எவ்வளவு வரி என்பதோடு, எவரிடம், எவ்வழியில் பெறுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நல்லரசின் கடன் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.