பீற்றர் போல் ரூபன்ஸ் (1577 – 1640): பிரதி செய்து கற்ற பேரோவியர்

பரோக் கால ஓவியர்களுள் முதன்மையானவர் ரூபன்ஸ். இவர் 1577ஆம் ஆண்டு ஜேர்மனியின் சீகன் நகரிற் பிறந்தார். 1587இல் தந்தை இறந்தபின், தாயார் பிள்ளைகளுடன் தமது சொந்த ஊராகிய அன்ற்வேர்ப்பில் குடியேறினார். இந்நகர் இன்று பெல்ஜியத்தில் உள்ளது. சிறுவயதில் ஹோல்பைனின் மர அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்தே இவர் கைப்பழக்கம் பெற்றார். 1598இல் ஓவியர் சங்கத்தில் தேர்ந்த ஓவியராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

1600இல் இத்தாலி சென்ற ரூபன்ஸ், மான்ருவா அரசவையின் ஓவியரானார். அங்கு அவரைப் பெரிதும் கவர்ந்தவை டிசியனின் ஓவியங்களாகும். டிசியனோ ரூபன்ஸ் பிறப்பதற்கு முந்திய ஆண்டே இறந்தவர். நேரிற் கற்க இயலாத அந்த ஆசிரியரிடம், அவரது ஓவியங்களைப் பிரதி செய்தே ரூபன்ஸ் கற்றார். டிசியன் வரைந்த இசபெல்லா டி எஸ்ரேயின் சிவப்பு ஆடை உருவப்படத்தையும் அவர் பிரதி செய்தார். மூல ஓவியம் பின்னர் தொலைந்துபோனது. இன்று அதனை நாம் அறிவது ரூபன்ஸின் பிரதி மூலமே.

1628இல் இராஜதந்திரப் பணிக்காக ரூபன்ஸ் மட்ரிட் சென்றார். அப்போது அவருக்கு வயது 51. ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தார். ஆயினும் அரண்மனையில் இருந்த டிசியனின் ஓவியங்கள் பலவற்றை ஒரு மாணவனைப் போல மீண்டும் பிரதி செய்தார். அவற்றுள் ஒன்றான 'ஆதாமும் ஏவாளும்' மூல ஓவியத்துடன் பிராடோ அரும்பொருட் காட்சியகத்தில் உள்ளது. ரூபன்ஸின் பிரதியில் ஆதாம் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதையும், புதிதாக ஒரு சிவப்புக் கிளி சேர்க்கப்பட்டிருப்பதையும் காணலாம். எனவே அவர் செய்தது வெறும் நகல் அன்று. டிசியன் தோலின் நிறத்தையும் ஒளியையும் எவ்வாறு கொண்டுவந்தார் என்பதைத் தூரிகையாலேயே ஆராய்ந்தார் எனலாம்.

இதன் பயன் அவரது இறுதிக்கால ஓவியங்களிற் தெரிகின்றது. 1630இல் மணமுடித்த ஹெலேனா ஃபோர்மெண்டை வரைந்த உருவப்படங்களில் வர்ணம் இதமாகவும் தூரிகைத் தடங்கள் மென்மையாகவும் அமைந்துள்ளன. 1640இல் அவர் காலமானபோது, டிசியனைப் பார்த்து வரைந்த பல பிரதிகள் அவரது வீட்டிலேயே இருந்தன.

மாணவர்களே, மற்றவரின் ஓவியத்தைப் பார்த்து வரைந்து தமது பெயரை இடுவது களவு; அதன் நுட்பத்தை அறிவதற்காக வரைவது கல்வி. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ரூபன்ஸின் வாழ்வு சிறந்த உதாரணமாகும்.

பயிற்சி வினாக்கள்
1. ரூபன்ஸ் டிசியனிடம் நேரிற் கற்க இயலாமற் போனது ஏன்?
2. 'ஆதாமும் ஏவாளும்' பிரதியில் அவர் செய்த மாற்றங்கள் இரண்டு தருக.