உழவர்களை ஒன்று திரட்டிய நாராயணசாமி நாயுடு

நம் நாட்டில் மின்சாரத்தின் வரலாறு நமது ரவாங் மண்ணிலேதான் தொடங்கியது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூ அவர்களும் தம்புசாமிப் பிள்ளை அவர்களும் இங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கிப் பொறியை நிறுவினர். சுரங்கத்தில் ஊறிய நீரை மின்சாரத்தால் இறைத்து வெளியேற்றினர்.

ஈயம் எடுப்பதற்காக இங்கே நீரை இறைத்த அதே மின்விசை, பல ஆண்டுகள் கழித்து, நம் முன்னோர்களின் தமிழகத்தில் பயிருக்கு நீர் இறைக்கும் உயிர்விசையாயிற்று. அவ்விசைக்குரிய கட்டணம் உயர்ந்தபோது, சிதறிக் கிடந்த உழவர்களை ஒரு குடைக்கீழ்த் திரட்டி, அவர்களுக்காக வாதாடிய பெருமகனார் ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் காண்போம். அவர்தாம் சி. நாராயணசாமி நாயுடு அவர்கள்.

நாயுடு அவர்கள் 1925ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் கோயம்புத்தூர் மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கொங்கு நாடு என வழங்கும் அப்பகுதி மழை குறைந்த நிலம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், உழவர்கள் கிணறுகளையே நம்பி வாழ்ந்தனர். பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டிக் கவலை ஏற்றத்தால் நீர் இறைப்பர். நாள் முழுதும் மனிதரும் மாடும் உழைத்தாலும் சிறிதளவு நிலமே நனையும்.

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோவை வட்டாரத்துச் சிற்றூர்களை மெல்ல மெல்ல எட்டியது. கவலை ஏற்றம் மறைந்தது. மின்னியக்க மோட்டார்கள் வந்தன. விளைச்சல் பெருகிற்று. ஆயினும் கிணற்று நீர் கீழே இறங்க இறங்க, மோட்டார் நெடுநேரம் ஓட வேண்டியதாயிற்று. எனவே மின்கட்டணம் உழவரின் செலவுகளுள் பெரியதொன்றாயிற்று.

1970ஆம் ஆண்டில் உழவர்களுக்கான மின்கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. இரண்டு பைசாவுக்காகவா போராட்டம் என்று நீங்கள் வினவலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து குதிரைத் திறனுடைய மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 30 யூனிட் செலவாகும். இரண்டு பைசா வீதம் நாளொன்றுக்கு 60 பைசா. திங்களுக்கு 18 ரூபாய். உரமும் விதையும் விலையேறிய காலத்தில், தன் விளைபொருளுக்குத் தானே விலை வைக்க இயலாத உழவனுக்கு அது பெருஞ்சுமை அன்றோ?

கடையில் விற்கும் பொருளுக்குக் கடைக்காரர் விலை சொல்லுகிறார். உழவர் விளைவித்த பொருளுக்கோ வாங்குபவரே விலை சொல்லுகிறார். தனித்து நிற்கும் உழவரின் குரல் அலுவலகப் படிகளைத் தாண்டுவதில்லை. இதனை நன்குணர்ந்த நாயுடு அவர்கள், ஊர் ஊராகச் சென்று உழவர்களைச் சங்கத்தில் சேர்த்தார். கோரிக்கைகளைத் தொகுத்து எழுதுதல், அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் முறையிடுதல், பயன் கிட்டாவிடின் பேரணி நடத்துதல், அதற்கும் செவிசாய்க்காவிடின் கட்டணம் செலுத்த மறுத்தல் எனப் படிப்படியாகச் சென்றது அவர் வழி.

அவ்வழி எளிதாக இருக்கவில்லை. 1970 ஜூன் 19ஆம் நாள் பெருமாநல்லூரில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் மூன்று உழவர்கள் உயிர் நீத்தனர். அதன்பின் அரசு கட்டணத்தில் ஒரு பைசாவைக் குறைத்தது. மூன்று உயிர்களுக்குப் பின் கிட்டிய அந்த ஒரு பைசா, உழவர்களின் உள்ளத்தில் ஆறாத வடுவாய் நின்றது.

1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. இம்முறை உழவர்கள் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கோவை மாநகருக்கு ஓட்டி வந்து வீதிகளில் நிறுத்தினர். நகரமே அசைவற்று நின்றது. படைக்கலம் ஏதுமின்றி, நாள்தோறும் நிலத்தில் உழைக்கும் வண்டியையும் மாட்டையும் கொண்டே உழவர்கள் தங்கள் வலிமையைக் காட்டினர். எனினும் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, உழவர் பலர் மாண்டனர். ஜூலை 5ஆம் நாளை உழவர் தினமாகத் தமிழக உழவர் சங்கத்தார் நினைவுகூர்வது அவர்கள் பொருட்டே. பின்னர் அரசு சங்கத்தாரை அழைத்துப் பேசி உடன்பாடு கண்டது.

1973இல் தமிழக விவசாயிகள் சங்கம் உருவாயிற்று. கோவையில் எழுந்த குரல் மாநிலம் முழுதும் பரவிற்று. வறட்சியால் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத உழவர்களின் உடைமைகள் பறிமுதல் செய்யப்படுவதைச் சங்கம் எதிர்த்தது. கடன் தள்ளுபடியும் விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலையும் கோரிற்று. 1980இல் பல மாநில உழவர் சங்கங்கள் ஐதராபாத்தில் கூடி அனைத்திந்திய அமைப்பொன்றை உருவாக்கியபோது, அதன் தலைமைப் பொறுப்பு நாயுடு அவர்களுக்கே அளிக்கப்பட்டது.

1982இல் அவர் இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தோற்றுவித்தார். முறையிட்டு முறையிட்டுச் சலித்தவர்கள், ஆட்சிமன்றத்திற்கே செல்லலாம் என எண்ணியது இயல்பே. ஆனால் சங்கத்தில் பல கட்சியினரும் ஒன்றாக அமர்ந்திருந்தனர். சங்கம் கட்சியானபின் அவர்கள் தத்தம் கட்சிக்குத் திரும்பினர். தேர்தலில் கட்சி வெற்றி காணவில்லை. ஒற்றுமைக்காகப் பிறந்த அமைப்பு எந்த இடத்தில் தளர்கிறது என்பதற்கு இது நல்லதொரு பாடம்.

1984 டிசம்பர் 21ஆம் நாள், சுற்றுப்பயணத்தின்போது கோவில்பட்டியில் நாயுடு அவர்கள் காலமானார். அப்போது அவருக்கு அகவை 59. அவர் மறைவுக்குப் பின் சங்கம் பல பிரிவுகளாகப் பிரிந்தது. எனினும் அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. 1990 முதல் தமிழகத்தில் உழவர்களின் மோட்டார்களுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. கோவை மாவட்டத்து வையம்பாளையத்தில் அவருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது. நெல் விளைச்சலில் சிறந்து விளங்கும் உழவருக்குத் தமிழக அரசு அவர் பெயரால் விருது வழங்குகிறது.

பெரியோர் ஒருவரின் வாழ்வைக் கூறும்போது மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. இலவச மின்சாரத்தால் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டுக் கிணறுகள் மேலும் வறண்டன என்று அறிஞர் சுட்டுகின்றனர். மேலும் அச்சங்கம் முதன்மையாக நிலமும் கிணறும் உடையவர்களின் சங்கம். அந்நிலத்திலே கூலிக்கு நாற்று நட்டோரின் ஊதியம் அதன் முதற்கோரிக்கையாக இருக்கவில்லை.

இதனைத் தோட்டத்து மக்களாகிய நாம் எளிதில் உணரலாம். நம் நாட்டிலும் முதலில் ஒன்றுகூடியவர்கள் தோட்ட முதலாளிமார்களே. 1907இல் இலண்டனில் இரப்பர் பயிரிடுவோர் சங்கம் அமைந்தது. இரப்பர் விலை வீழ்ந்தபோது அவர்கள் ஆங்கில அரசை நெருக்கினர். 1922 முதல் 1928 வரை உற்பத்தியைக் குறைத்து விலையைத் தாங்கும் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறையில் இருந்தது. முதலாளிமார்களின் நலனைக் காக்கச் சங்கம் இருந்தது. பால் மரம் சீவியவர்களின் நலனைக் காக்க அன்று வலுவான சங்கம் இல்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பின்னரே நாடளாவிய நிலையில் அவர்கள் ஒரே குரலில் பேசலாயினர்.

ஆகவே, யார் ஒன்றுகூடிப் பேசுகின்றனரோ அவர்கள் குறை முதலில் கேட்கப்படுகிறது. பேசாதவர்களின் கூலியையும் விலையையும் பிறரே முடிவு செய்கின்றனர். பெற்றோர்களே, உங்கள் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாது செல்லுங்கள். உடன்பாடுகளைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். மாணவச் செல்வங்களே, எழுத்தையும் கணக்கையும் ஊன்றிக் கற்பீர்களாக! இரண்டு பைசாவின் சுமையைக் கணக்கிட்டுக் காட்டவும், ஒரு கோரிக்கையைத் தெளிவாக எழுதவும் வல்லவர் ஒருவர் ஒவ்வோர் இல்லத்திலும் இருந்தால், அக்குடும்பத்தை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.