கோணமலையில் வியாழனை நோக்கியவர்

செவ்வாய்க் கிரகத்திலுள்ள பெரும் பள்ளங்களுள் ஒன்று மோல்ஸ்வேர்த் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்குரியவர் கொழும்பிற் பிறந்து திருகோணமலையில் மறைந்தவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். வானநூலார் போற்றும் ஒருவரை அவர் வாழ்ந்த தீவு மறந்திருப்பது விந்தையே.

பெர்சி மோல்ஸ்வேர்த் 1867 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் கில்போட் மோல்ஸ்வேர்த், இலங்கையின் இருப்புப்பாதை வேலைக்குத் தலைமை தாங்கிய பொறியியலாளர். மைந்தர் இங்கிலாந்திற் பயின்று, 1886 இல் பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவிற் சேர்ந்தார். அக்கடமையே பின்னர் அவரைக் கோணமலைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்தது.

அங்கே தம் இல்லத்தில் அவர் ஓர் அவதான நிலையம் அமைத்தார். அதன் உயிர்நிலை, கல்வர் என்னும் ஆங்கிலேயக் கைவினைஞர் சமைத்த 12.5 அங்குல ஆடி கொண்ட தொலைகாட்டி. அக்காலத்து ஆடிகளின் முகத்தில் மெல்லிய வெள்ளிப் பூச்சே இருக்கும், கடற்காற்றில் அது கறுக்கும், மறுபடியும் பூசவேண்டும். புத்தளத்து உப்பளங்களின் அருகே வாழும் நமக்கு உவர்க்காற்றின் கொடுமையை எவரும் விளக்கவேண்டியதில்லை. அன்றியும், தொலைகாட்டியைத் தாங்கும் அச்சு வானத் துருவத்தை நோக்கிச் சாய்தல் வேண்டும். இலண்டனில் ஐம்பத்தொரு பாகைக்கு மேல் உயரும் அவ்வச்சு, கோணமலையில் எட்டரைப் பாகையளவே உயர்ந்து, படுத்தாற்போற் கிடக்கும்.

இத்தொல்லைகளையெல்லாம் மறக்கச்செய்யும் நலம் ஒன்றிருந்தது. 1901 ஆம் ஆண்டளவில் வியாழன் தென்வானில் தனுவில் நின்றது. இங்கிலாந்திலே அது அடிவானத்தை ஒட்டிக் கலங்கித் தோன்ற, கோணமலையில் நன்குயர்ந்து தெளிவாக விளங்கிற்று. கற்பிட்டியும் ஏறத்தாழ அதே அகலக்கோட்டிற் கிடப்பது. கீழ்க்கரையில் அவர் கண்ட வானமே மேற்கரையில் நம் மீனவர் காணும் வானம்.

வானத்தை நிழற்படமாக்கும் கலை அன்றே தோன்றியிருந்தது. எனினும் அக்காலத் தகடுகள் மந்தமானவை. ஒளியேற்கும் நேரம் நீள, காற்றின் நடுக்கத்தாற் கோளின் நுண்வரிகள் கலைந்துவிடும். கண்ணோ, காற்று அடங்கும் கணத்துக்காகக் காத்திருக்கவல்லது. இன்று முற்றத்தில் டிஜிட்டல் கமரா பூட்டி ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, நடுங்காதவற்றைக் கணினியால் தெரிந்தெடுப்போர் செய்வதும் இதுவே.

ஆனாற் கண்ணும் பொய்க்கும். அந்நாளிற் கூர்ங்கண்ணர் பலர் செவ்வாயில் இல்லாத கால்வாய்களைக் கண்டனரன்றோ? எனவே மோல்ஸ்வேர்த்தின் பெருமையை அவருடைய சித்திரங்களில் அன்றிக் கடிகாரத்திலே காண்பேன் யான். வியாழன் பத்து மணிக்கும் குறைந்த நேரத்திலே தன்னைத்தான் சுற்றுவது. அதன் முகத்துள்ள கறையொன்று நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தைக் குறித்தால் அதன் இருப்பிடம் தெரியும். பல இரவுக் குறிப்புகளை ஒப்பிட்டால் வேகமும் தெரியும். பிறர் சரிபார்க்கக்கூடிய இத்தகைய குறிப்புகளை அவர் ஆயிரக்கணக்கில் எழுதிவைத்தார். படையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இதனைச் செய்தார் என்பது நினைக்கத்தக்கது.

1901 பெப்ரவரி 28 ஆம் நாள், வியாழனின் தென்பாகத்திற் கருமையான புடைப்பொன்று அவர் கண்ணிற்பட்டது. நாளடைவில் அது கோளைச் சுற்றி நீண்டது. 1902 இற் புகழ்பெற்ற செம்பெரும்புள்ளியை எட்டி, அதனைக் கடந்தும் சென்றது. வானநூலார் அதற்குத் தென்னயன மண்டலக் குழப்பம் எனப் பெயரிட்டனர்.

1908 டிசம்பர் 25 ஆம் நாள், நாற்பத்தொரு வயதில், கோணமலையிலேயே மோல்ஸ்வேர்த் காலமானார். அவர் கண்டறிந்த அக்குழப்பம் அதன்பின்னும் முப்பதாண்டுகளுக்கு மேலாக வியாழனைச் சுற்றிவந்து, 1940 ஐ அண்டி மறைந்தது.