கணினிக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்த கிரேஸ் ஹாப்பர்



லேபில் தினமும் ‘கம்பைல்’ பண்ணுகிறோம், அப்புறம் ‘ரன்’ பண்ணுகிறோம். இரண்டும் ஏன் தனித்தனி வேலை? இதற்குப் பதில் தேடினால் ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் போய் நிற்கும்.

கிரேஸ் ஹாப்பர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க வீட்டிலிருந்த ஏழு அலாரம் கடிகாரங்களையும் கழற்றிப் போட்டாராம். இனிமேல் ஒன்றை மட்டும் கழற்றலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்! 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் கடற்படையில் சேரப் போனபோது வயது அதிகம், எடை குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார். 1944-இல் ஹார்வர்டில் 51 அடி நீள மார்க் 1 கணினியில் வேலை.

அன்றைக்குப் புரோகிராம் எழுதுவது பெரிய அவஸ்தை. பழைய நோட்டுகளைப் பார்த்து எண் எண்ணாகக் காப்பி எடுக்க வேண்டும். விடை தப்பாக வந்தால் தப்பு காப்பியிலா, யோசனையிலா என்றே தெரியாது. 1952-இல் ஹாப்பர் ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். துண்டுகளை எடுத்துக் கோர்க்கும் வேலையை இயந்திரமே பார்த்தது. கணினி கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று பலர் நம்பவே இல்லை. அவர் அதோடு நிற்காமல், சாதாரண ஆங்கிலச் சொற்களில் எழுதும் ஃப்ளோமேட்டிக் மொழியையும் தந்தார். 1959-இல் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே அடிப்படை.

ஆனால் ஆளாளுக்கு ஒரு கோபால் கம்பைலர் செய்தார்கள். ஒன்றில் ஓடும் புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. 1967-இல் கடற்படை அவரை மறுபடி அழைத்தது. அவருடைய குழு, விடை முன்பே தெரிந்த சோதனைப் புரோகிராம்களை எழுதி, கம்பைலர்களை அவற்றால் சோதித்தது. செய்தவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர்.

எங்க அப்பா மயிலாப்பூர் பக்கம் கொத்தனார் வேலை பார்க்கிறார். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இந்த விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சம்ப் கட்டுகிற நாள் வேறு, தண்ணி நிரப்பிக் கோடு போட்டு மறுநாள் பார்க்கிற நாள் வேறு. பூச்சு காயும் முன்னே தண்ணி விட்டால், கசிவு எதனால் என்று யார் சொல்ல முடியும்?

தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் 144 கணினிகளை இணைத்துக் ‘கப்ரு’ என்ற கிளஸ்டர் அமைத்தார்கள். இப்படிப்பட்ட கிளஸ்டரில் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் கம்பைல் செய்து உடனே சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஓரிடத்தில் ஒரே தடவை கம்பைல் செய்து, அதே கோப்பை எல்லாவற்றுக்கும் அனுப்பிச் சோதிக்க வேண்டும். அப்போது ஏழாவது கணினி மட்டும் தோற்றால், முதலில் அந்தக் கணினியைத்தான் பார்ப்போம். கம்பைல் ஆகாவிட்டால் சோதனைக்கே போக மாட்டோம்.

ஹாப்பர் 1986-இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த நம்மில் பலருக்குக் கணினி பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கானது என்ற பயம் உண்டு. எண்களுக்குள் பூட்டிக் கிடந்ததைச் சொற்களால் திறந்துவிட்டவர் ஹாப்பர். திறந்த கதவு நமக்கும்தான். நுழைவோம், நண்பர்களே!