வைல்டர் பென்ஃபீல்டு

காக்காய் வலிப்புக் கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம்மவர் வழக்கம். சாவியால் வலிப்பு நிற்பதில்லை; பெரும்பாலும் அது தானே அடங்குகிறது. மருந்துக்கும் அடங்காத வலிப்போடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றோம்.

டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டு 1891 ஜனவரி 26இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் ஷெரிங்டன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1916இல் அவர் சென்ற சஸ்ஸெக்ஸ் கப்பல் டார்ப்பீடோவால் தாக்குண்டது. காயத்துடன் உயிர் பிழைத்தார்.

1928இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் குடியேறினார். அவ்வாண்டே பேரிடி விழுந்தது. நெடுநாள் வலிப்பால் வருந்திய தமக்கை ரூத் அம்மையாருக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. உடன்பிறந்தாள் தலையில் கத்தி வைக்க எவர் கைதான் நடுங்காது? தாமே அறுவை செய்தார். கட்டியை முழுதும் எடுக்க இயலவில்லை. அம்மையார் தம் மக்களிடம் திரும்பிச் சிலகாலம் வாழ்ந்து, 1931இல் மறைந்தார். இத்துயரின் பின்னர், மூளை நோய்க்கெனத் தனி நிலையம் காணும் முயற்சியில் அவர் மேலும் முனைந்தார். ராக்ஃபெல்லர் அறநிலையம் பொருள் உதவ, 1934இல் மான்ட்ரியால் நரம்பியல் நிலையம் திறக்கப்பெற்றது.

அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்டரிடம் கண்டறிந்ததை அவர் வளர்த்தெடுத்தார். தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்வார். நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்கு வலி தெரியாது. மெல்லிய மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொட்டால் கட்டைவிரல் துடிக்கும். வேறோரிடத்தைத் தொட்டால் பேச்சுத் தடைப்படும். தொட்ட இடத்திலெல்லாம் எண்ணிட்ட சிறு சீட்டுகளை வைத்து, பேச்சும் கையசைவும் கெடாவண்ணம் வலிப்பின் பிறப்பிடத்தை மட்டும் அகற்றுவார். ஜாஸ்பர் என்னும் அறிஞர் மின்னலைப் பதிவுக் கருவியோடு துணைநின்றார். அறியாப் பிள்ளைகளும் அச்சம் மிக்கோரும் விழித்தபடி இதனைத் தாங்குவதற்கு முன்னரே நோயாளியோடு பழகி, நடக்கப்போவதை விளக்க வேண்டியிருந்தது. கத்திக்கு ஈடான வேலை அதுவென்பது எம் கருத்து.

எல்லோரும் குணமடைந்தாரல்லர். தக்க மருந்து இரண்டு தோற்ற பின்னரே இன்றும் அறுவையைப் பற்றி ஆராய்கின்றனர். அறுவை முடிந்ததும் மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. மருத்துவர்தாம் நாளடைவில் குறைப்பார்.

பென்ஃபீல்டு 1976 ஏப்ரல் 5இல் காலமானார். அவர் நிலையத்தில் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் நம் வேலூருக்கு வந்து மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார்; 1952இல் வலிப்புக்கான அறுவையும் அங்கே நடந்தது.